கரடிக்கு ஒரு கும்பிடு

கனடாவின் சர்ச்சில் ஊருக்குச் சாலை கிடையாது. ஆகவே, பூமி சூடாகிப் பனிக்கரடி அழிவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்ற கவலையில், அன்பர்கள் விமானத்தில் புகைவிட்டபடி வந்து சேருகிறார்கள். என்ன கரிசனம்!

ஆள் உயரச் சக்கர வண்டி. உள்ளே ஹீட்டர், சுடச்சுட சூப், கழிப்பறை. வெளியே, ஹட்சன் விரிகுடா எப்போது உறையும், சீல் எப்போது கிடைக்கும் என்று மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும் கரடி. அது கொட்டாவி விட்டால் போதும், வண்டியே ஒருபக்கம் சாய்கிறது. பசி தாங்காமல் ஊருக்குள் நுழைந்தால் அடைத்துவைக்கத் தனிச் சிறையும் உண்டு. டிக்கெட் எடுக்காமல் மனிதரைப் பார்க்க வரலாமா?

ஒரே சிக்கல், கடல் உறைந்ததும் கரடி வேட்டைக்குக் கிளம்பிவிடும். அக்டோபர், நவம்பரோடு சீசன் முடிந்துவிடும். தாமதமாக உறைந்தால்தான் தொழில் தழைக்கும். ஆகவே அன்பர்களே, அடுத்தமுறை இன்னும் இரண்டு விமானம் மாறி வாருங்கள்.