லிங்க் போட்டு டொலர் உழைப்பது எப்படி

கொக்குவிலிலோ நெல்லியடியிலோ ஏ.எல். சோதனை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளை நீங்கள் என்றால், இந்தத் தொழிலுக்கு வேண்டிய தகுதியெல்லாம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு கைத்தொலைபேசி, இரவில் மட்டும் தாராளமாகக் கிடைக்கும் டேட்டா, "சும்மாதான் இருக்கிறான்" என்று வருகிறவர் போகிறவரிடம் சொல்லும் வீட்டார். இவை போதும். மூலதனம் வேண்டாம் என்று யூரியூப்பில் சொல்கிறார்களே, அது உண்மைதான். மூலதனம் நீங்கள்தான்.

தொழிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கோ ஒருவர் ஒரு மின்னூலோ மென்பொருளோ வீடியோ வகுப்போ செய்து வைத்திருப்பார். நடுவில் ஒரு வலையமைப்பு நிற்கும். அது உங்கள் பெயரில் ஒரு லிங்க் தரும். அதைச் சொடுக்கி யாராவது வாங்கினால் உங்களுக்குக் கொமிஷன். அமேசன் 1996 ஜூலையில் இப்படிப் புத்தகம் விற்கத் தொடங்கியது. தொட்டுப் பார்க்க முடியாத சரக்குகளுக்கென்று 1998இல் கிளிக்பாங்க் வந்தது. அதன் தலைமையகம் ஐடஹோ மாநிலத்தில் இருக்கிறது. உருளைக்கிழங்குக்குப் பேர்போன மாநிலம். வலிகாமத்துச் செம்மண்காரர் இதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ளலாம்.

முதல் வேலை, சரக்கைத் தெரிவு செய்வது. உங்களுக்குத் தெரிந்த எதையும் தொடாதீர்கள். பனங்கிழங்கு பற்றியோ மிளகாய்க் கன்று பற்றியோ டிஜிட்டல் சரக்கு எதுவும் அங்கே இல்லை. இருப்பவை, 30 நாளில் தொப்பை கரைக்கும் வழி, நாய்க்குப் பழக்கம் சொல்லிக் கொடுக்கும் வழி, விட்டுப்போன காதலியைத் திரும்ப அழைக்கும் வழி, 16,000 மரவேலை வரைபடங்கள். காலையில் பிட்டும் மத்தியானம் ஒடியற்கூழும் சாப்பிட்டுக்கொண்டே கீட்டோ உணவின் மகிமையை ஆங்கிலத்தில் எழுதுங்கள். மின்னூலை வாசித்துவிட்டு எழுதலாமே என்று தோன்றும். அதற்குக் காசு கொடுக்க வேண்டும், ஆகையால் தோன்றாது.

கொமிஷன் வீதத்தைப் பார்த்ததும் கண் கலங்கும். அமேசன் ஒரு புத்தகத்துக்கு ஐந்து வீதம்கூடத் தராது. இங்கே 50, 60, 75 வீதம்! 40 டொலர் சரக்கில் 30 டொலர் உங்களுக்கு. விலையில் முக்கால் பங்கைத் தரகருக்கு அள்ளிக் கொடுக்கக்கூடிய பொருளின் உண்மையான பெறுமதி என்ன என்ற கேள்வி இந்த இடத்தில் ஒரு சிலருக்கு எழும். அப்படிப்பட்டவர்கள் கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம். மற்றவர்கள் என்னோடு வாருங்கள்.

விண்ணப்பப் படிவம் திறக்கிறது. முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டி. இங்கேதான் யாழ்ப்பாணத்துப் பிள்ளை தன் அப்பாவை அமெரிக்காவுக்கு அனுப்பி வைக்கிறது. அடையாள அட்டையில் அப்பாவின் பெயர் முன்னாலும் உங்கள் பெயர் பின்னாலும் இருக்கிறது. வங்கிப் புத்தகத்தில் அப்பா ஒற்றை எழுத்தாகச் சுருங்கியிருக்கிறார். கடவுச்சீட்டில் இன்னொரு ஒழுங்கு. மூன்றும் ஒரே ஆளுடையவை என்று கணினி நம்பாது. எந்த ஒழுங்கில் நிரப்பினாலும், வரப்போகும் மின்னஞ்சல் எல்லாம் "அன்புள்ள" என்று போட்டு அப்பாவைத்தான் கூப்பிடும். அவர் இல்லாத வீடென்றால் அம்மாவின் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது முகவரி. தபாற் குறியீடு 40000 என்று போடுவது இலகு. வீதி இலக்கம் கேட்பார்கள். பிள்ளையார் கோயிலடியால் திரும்பி, வாசிகசாலை தாண்டி, இரண்டாவது ஒழுங்கை என்பது இலக்கமாகாது. முகவரிக்கு ஆதாரமாக மின்கட்டணப் பட்டியலின் படமும் கேட்கக்கூடும். பட்டியல் தாத்தாவின் பெயரில் வரும். தாத்தா காலமான பிறகும் மின்சார சபைக்கு அவர்தான் வாடிக்கையாளர், ஏனென்றால் காணி இன்னும் பிரிபடவில்லை. காணி பிரிபடாததற்குக் காரணம் பிரான்ஸில் இருக்கும் பெரியப்பா கையெழுத்து வைக்காதது. ஆக, ஐடஹோ உங்களை நம்புவதற்குப் பாரிசிலிருந்து ஒரு கையெழுத்து வர வேண்டும். வழிகாட்டி நூல்கள் எதிலும் இந்தப் பகுதியை நான் காணவில்லை.

எப்படியோ உள்ளே போய்விட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இனி லிங்கைப் பரப்ப வேண்டும். ஆடி, ஆவணியில் நல்லூர்த் திருவிழா 25 நாளும் ரொறன்ரோவும் இலண்டனும் சூரிச்சும் ஊருக்கு வந்து நிற்கும். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கடனட்டை. சித்தப்பாவைப் பிடித்து, "ஒருக்கா இதை அமத்துங்கோ" என்று கேட்கலாம் என்று நினைப்பீர்கள். பொறுங்கள். விதிமுறையை வாசித்தீர்களா? அமேசன் திட்டத்தில் உங்கள் லிங்கில் நீங்கள் வாங்கக்கூடாது. நண்பரோ உறவினரோ உங்களுக்காக வாங்கினாலும் கொமிஷன் இல்லை. அமெரிக்காவில் இது நியாயமான விதியாக இருக்கலாம். யாழ்ப்பாணத்தில் உறவில்லாத ஒருவரைக் கண்டுபிடித்து அவருக்கு விற்பதென்பது தனியாக ஒரு ஆராய்ச்சி. வடமராட்சியில் அறவே முடியாது.

"தம்பி, இப்ப எந்தக் கந்தோரிலை?" என்று அதே சித்தப்பா கேட்பார்.

"ஒன்லைன், சித்தப்பா."

"அது சரி, கந்தோர் எங்கை எண்டு கேட்டனான்."

சிரித்துவிட்டு நகருங்கள். விளக்க முயன்றவர்கள் மஞ்சத் திருவிழா வரை அதே இடத்தில் நின்றிருக்கிறார்கள்.

இப்போது குக்கி என்ற சங்கதிக்கு வருவோம், உங்கள் சீவன் அதில்தான் தொங்குகிறது. உங்கள் லிங்கைச் சொடுக்கியவரின் உலாவியில் ஒரு சின்னக் குறிப்பு விழும். அது இருக்கும்வரை அவர் வாங்கினால் உங்கள் கணக்கு. அமேசனில் அதன் ஆயுள் 24 மணித்தியாலம். மற்ற இடங்களில் 30, 60 நாள் என்று எழுதியிருக்கும். ஆனால் ஸ்காபரோவில் இருக்கும் ஒரு பெண் பேருந்தில் தொலைபேசியில் சொடுக்கி, வீட்டுக்குப் போய் மடிக்கணினியில் வாங்கினால், அந்தக் குறிப்பு பேருந்தோடு போய்விடும். போதாக்குறைக்கு, அப்பிளின் சபாரி உலாவி 2017இலிருந்து இந்தக் குறிப்புகளைத் துடைப்பதில் மும்முரமாக இருக்கிறது. கடைசியாகச் சொடுக்க வைத்தவருக்கே கொமிஷன் என்பது பொது வழக்கு. நீங்கள் மூன்று கிழமை எழுதி ஒருவரை மனம் மாற்றியிருப்பீர்கள். காசு கட்டும் பக்கத்தில் ஒரு தள்ளுபடிக் கூப்பன் எட்டிப் பார்த்தால் அந்த விற்பனை கூப்பன்காரருடையது.

இது கற்பனையல்ல. ஹனி என்றொரு கூப்பன் நீட்சியைப் பேபால் நிறுவனம் ஏறக்குறைய 4 பில்லியன் டொலர் கொடுத்து வாங்குவதாக 2019இல் அறிவித்தது. 2024 டிசம்பரில் ஒரு யூரியூப் புலனாய்வு, அந்த நீட்சி கடைசி நேரத்தில் மற்றவர்களின் குறிப்பை அகற்றித் தன்னுடையதை வைக்கிறது என்று குற்றஞ்சாட்டியது. யூரியூப்காரர்கள் வழக்குப் போட்டார்கள். தொழில் வழக்கப்படி, கடைசிச் சொடுக்கு விதிப்படிதான் நடக்கிறோம் என்று பேபால் பதில் சொன்னது. அந்தப் பேபாலோ இலங்கைக் கணக்கென்றால் பல்லாண்டுகளாகக் காசு அனுப்ப விட்டது, வாங்க விடவில்லை. "பேபால் வருகிறது" என்ற செய்தி இங்கே ஒவ்வொரு ஆட்சியிலும் ஒரு முறையாவது வந்திருக்கிறது. இலங்கைக்குள் காசு வர விடமாட்டேன் என்று அடம்பிடித்த ஒரு நிறுவனம், இலங்கைப் பிள்ளையின் கொமிஷனைத் தடுத்து எடுக்கக்கூடிய கருவியை மட்டும் அவனுடைய வாடிக்கையாளரின் உலாவியில் வைத்திருப்பதை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு.

குறுக்குவழி தேடுவோருக்கு ஒரு தகவல். ஈபேயின் மிகப் பெரிய தரகராக இருந்த ஷோன் ஹோகன் என்ற அமெரிக்கர், யாரும் சொடுக்காமலே உலாவிகளில் குறிப்பைத் திணித்துவிடும் வித்தையைச் செய்தார். ஈபேயிடமிருந்து அவருக்குப் போன கொமிஷன் சுமார் 28 மில்லியன் டொலர். 2014இல் ஐந்து மாதச் சிறை கிடைத்தது. கணக்குப் போட்டுப் பார்க்கும் பிள்ளைகள் உடனே அடுத்த பந்திக்குப் போகவும்.

முதல் விற்பனை ஒரு நடுச்சாமத்தில் விழும். திரையில் 30 டொலர் தெரியும். அம்மாவை எழுப்பாதீர்கள். கிளிக்பாங்க்கில் முதல் கொடுப்பனவு கிடைக்க வேண்டுமென்றால், குறைந்தது ஐந்து வேறு வேறு அட்டைகளில், இரண்டு வகைக் கொடுப்பனவு முறைகளில் விற்பனை நடந்திருக்க வேண்டும். ஐவரும் விசா அட்டையில் வாங்கினால் மாஸ்டர்காட் வைத்திருக்கும் ஆறாவது ஆளுக்காகத் தவம் இருங்கள். இதற்கிடையில் வாங்கியவர் 60 நாளுக்குள் பொருளைத் திருப்பிக் காசு கேட்கலாம். மின்னூலைத் திருப்புவதென்றால் என்ன? அவர் தரவிறக்கி, வாசித்து, தொப்பையும் கரைந்தபின் "திருப்தியில்லை" என்று ஒரு வரி எழுதுவார். 30 டொலர் திரையிலிருந்து மறையும். அவரிடம் மின்னூல் இருக்கும், விற்றவரிடமும் மூலப்பிரதி இருக்கும், உங்களிடம் அந்த நடுச்சாமத்து மகிழ்ச்சி இருக்கும்.

மீதிக் காசு சிறிது கிடக்கிறதா? மூன்று மாதம் புது வருமானம் எதுவும் இல்லாவிட்டால், செயற்படாத கணக்கு என்று சொல்லி அந்த மீதியிலிருந்து கட்டணம் கழியத் தொடங்கும். காசை இலங்கைக்குக் கொண்டுவரப் பேயோனியர் போன்ற சேவையைப் பிடித்தால், போதிய தொகை வராத கணக்குக்கு அங்கும் ஆண்டுக் கட்டணம் உண்டு. பெரிய தொகை வருகிறவருக்கு விலக்கு. பிறகு நாணய மாற்று வீதத்தில் ஒரு கடி, வங்கியில் ஒரு கடி.

மருதனார்மடத்திலும் திருநெல்வேலியிலும் கொடிகாமத்திலும் தோட்டக்காரர் கொண்டுவரும் மரக்கறியில் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோவைக் "கழிவு" என்று வெட்டிவிட்டு வியாபாரிகள் மீதிக்குத்தான் காசு கொடுத்து வந்தார்கள். அதை நிறுத்தச் சொல்லி விவசாயிகள் கேட்காத கூட்டமில்லை. அவர்களுடைய பாடு எவ்வளவோ மேல் என்பேன். தராசு கண் முன்னே தொங்குகிறது, வெட்டுகிறவரின் முகம் தெரிகிறது, கோபம் வந்தால் வெங்காயக் கடகத்தைத் தூக்கிக்கொண்டு சுன்னாகத்துக்குப் போகலாம். உங்களுக்கு எத்தனை பேர் சொடுக்கினார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள் என்பதைச் சொல்வது வலையமைப்பின் திரை. நிறுத்தவரும் அவர்தான், கழித்தவரும் அவர்தான், சிட்டை எழுதியவரும் அவர்தான். சந்தேகம் இருந்தால் ஒரு முறைப்பாடு அனுப்புங்கள். 48 மணித்தியாலத்துக்குள் பதில் வரும் என்று சொல்லும் பதில் உடனே வரும்.

வரி பற்றிப் பயம் வேண்டாம். வெளிநாட்டுக்குச் சேவை செய்து டொலரில் பெறும் வருமானத்துக்கு முன்பு விலக்கு இருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் அதற்கு 15 வீதம் வரையில் வரி. ஆனால் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் வரையான வருமானத்துக்குத் தனிநபர் நிவாரணம் இருக்கிறது. என் வழிகாட்டலை ஒழுங்காகப் பின்பற்றும் எவரும் அந்தத் தொல்லைக்குள் விழமாட்டார் என்று உறுதி தருகிறேன்.

இந்தக் கட்டத்தில் ஒரு பழைய வகுப்புத்தோழன் வட்ஸ்அப்பில் வருவான். வெள்ளைச் சட்டை, வாடகைக் கார், ஹோட்டல் மண்டபத்தில் கூட்டம். "லிங்க் போடுறதெல்லாம் பழசு மச்சான், நீ ரெண்டு பேரைச் சேர்த்து விடு, அவை ரெண்டு ரெண்டு பேரைச் சேர்க்கட்டும்." இங்கே மட்டும் நான் விளையாட்டை விட்டுச் சொல்கிறேன், எழும்பி வந்துவிடுங்கள். பொருள் விற்பதால் அல்லாமல் ஆள் சேர்ப்பதால் காசு வரும் திட்டம் வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவின் கீழ்த் தடைசெய்யப்பட்டது. மத்திய வங்கி அப்படிப்பட்ட பெயர்களைப் பட்டியல் போட்டு வெளியிடுகிறது. 2023 ஓகஸ்டில் எம்.ரி.எப்.ஈ. செயலி சரிந்தபோது இலங்கையிலும் பங்களாதேசத்திலும் காசு போட்டவர்கள் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொமிஷன் வலையமைப்பு உங்கள் நேரத்தைத்தான் எடுக்கும். ஆள் சேர்க்கும் திட்டமோ அம்மாவின் காப்பையும் எடுக்கும்.

சரி, திரும்ப எங்கள் தொழிலுக்கு. ஓரிரு ஆண்டுக்குள், இந்தச் சந்தையில் சோராமல் விற்கும் சரக்கு ஒன்றேயொன்று என்பதைக் கண்டுகொள்வீர்கள்: கொமிஷன் உழைப்பது எப்படி என்று சொல்லித் தரும் வகுப்பு. உங்களுக்கு இப்போது எல்லா அனுபவமும் இருக்கிறது. ரியூசன் இல்லாத ஒழுங்கை யாழ்ப்பாணத்தில் இல்லை, ஆகவே மாணவருக்கும் பஞ்சமில்லை. ஏ.எல். முடித்த அடுத்த அணி ஏற்கெனவே வீட்டில் சும்மா இருக்கிறது. திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட ஒரு மாடி அறை எடுங்கள். திரையில் அந்த 30 டொலர் விழுந்த இரவின் படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் ஒட்டுங்கள். திருப்பி எடுத்த நாளின் படம் வேண்டாம். கட்டணத்தை முற்பணமாக, கையில் காசாக வாங்குங்கள். மாணவர் சேர்த்துத் தருகிறேன், தலைக்கு இவ்வளவு தாருங்கள் என்று கேட்டுக்கொண்டு ஒரு பெடியன் கட்டாயம் வருவான். தரலாம் என்று சொல்லுங்கள். 60 நாள் கழித்து, குறைந்தது ஐந்து பேர் சேர்ந்தபின், அவர்களில் ஒருவரும் அவனுக்குச் சொந்தக்காரராக இல்லாவிட்டால்.