பந்தி விசாரிக்கும் பெரியவர்

திருவாரூர்ச் சீமையில் ஒரு கல்யாணம் ஒழுங்காக நடந்தேறுவதற்கு மாப்பிள்ளையும் பெண்ணும் எவ்வளவு அவசியமோ, அவ்வளவு அவசியமான மனிதர் ஒருவர் உண்டு. மாங்கல்ய தாரண சமயத்தில் அவரை எங்கும் காண முடியாது. ஆனால் சாப்பாட்டுக் கூடத்தில் முதல் இலை விரிந்த கணத்திலேயே, தோள் துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு பந்தியின் தலைமாட்டில் பிரசன்னமாகிவிடுவார். கல்யாணம் பெரும்பாலும் அவர் வீட்டுடையது அன்று. பரிசாரகர்களும் அவரிடம் கூலி வாங்குகிறவர்கள் அல்லர். இவை இரண்டும் அவருடைய அதிகாரத்தை எவ்விதத்திலும் பாதித்ததில்லை.

இவருடைய பெருமையைச் சரியாக அறிய வேண்டுமானால், முதலில் குறுவைக் காலத்தில் வயல் வரப்பில் பார்க்க வேண்டும். மேட்டூர் அணை கட்டி முடிந்த 1934-க்குப் பிறகு, அதைப் பாசனத்துக்குத் திறக்கும் ஜூன் 12 என்ற தேதிக்கு டெல்டாவில் தனி மகத்துவம் உண்டாயிற்று. அந்தத் தேதி தவறி, 2024-இல் நேர்ந்ததுபோல ஜூலைக் கடைசி வரையில் திறப்பு தள்ளிப்போகிற வருஷங்களில், அணையின் முழு மட்டமான 120 அடிக்கு எத்தனை அடி குறைகிறது என்பது தம் ரத்த அழுத்தத்தைக் காட்டிலும் அவருக்குத் துல்லியமாகத் தெரியும். முறை வைத்துத் தண்ணீர் விடும் நாட்களில், நடுநிசியில் டார்ச் விளக்கும் மண்வெட்டியுமாகப் புறப்பட்டு, பக்கத்து வயல்காரர் மடையை ஒரு சாண் கூடுதலாக வெட்டிவிட்டாரா என்று அளந்து பார்ப்பார். அந்த ஒரு சாணுக்காகச் சொந்தச் சம்பந்தியோடு பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டவர். களத்தில் சிதறிய நெல்லைக் கோழி கொத்தினால், கோழியைத் துரத்திவிட்டுத் தாம் பொறுக்குவார். இராத்திரி மிஞ்சிய சோற்றில் நீர் ஊற்றியாயிற்றா என்று பானையைத் திறந்து பாராமல் படுக்க மாட்டார். 2022-இல் உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி டன் என்றும், அதில் அறுபது சதவிகிதம் வீடுகளின் கைங்கரியம் என்றும் ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் அமைப்பு கணக்கிட்டிருக்கிறதே, அதை எழுதியவர்கள் இவர் வீட்டு அடுப்பங்கரைக்கு மட்டும் வந்திருந்தால் வெட்கித் திரும்பியிருப்பார்கள்.

இத்தகைய மகானுபாவர்தான் பந்தியில், "என்ன தம்பி, மாமா இலை வெறிச்சோடிக் கிடக்கு, வாளியைப் பிடிச்சுக்கிட்டு வேடிக்கை பார்க்கிறே?" என்று அதட்டுகிறார். போதும் என்று கையைக் குறுக்கே நீட்டும் விருந்தாளியின் விரல் இடுக்கு வழியாகவே சாம்பாரை இறக்கும் வித்தையைப் பரிசாரகர்களுக்குப் போதித்தவரும் இவரே. எழுந்துபோனவரின் இலையைச் சற்று உற்றுப் பாருங்கள்: பல் படாத வடை ஒன்று, விளிம்பு மட்டும் கிள்ளிய ஜாங்கிரி, ரசம் உடைத்துக்கொண்டு ஓடிய சோற்று மேடு, அதன் அடிவாரத்தில் பாயசத்தில் ஊறிய அப்பளம், பக்கத்திலே, மூடி திறந்து இரண்டு மடக்கு மட்டும் குறைந்த தண்ணீர்ப் பாட்டில். கமலாலயத்தைப் போன்ற திருக்குளம் படைத்த ஊரில் இலைக்கொரு பாட்டில் வைக்கும் நாகரிகத்தை இவர் ஆட்சேபித்ததே இல்லை. இலை துப்புரவாக மடிந்தால் பெண் வீட்டார் கஞ்சர்கள் என்ற அபவாதம் வரும். மிஞ்சி மடிந்தால் தாராளம். வயலில் கணக்குப் பார்ப்பது சாமர்த்தியம், பந்தியில் கணக்குப் பார்ப்பது அற்பத்தனம் என்பது நம் சீமையின் எழுதாத சாஸ்திரம்; அதை விதித்தவர்களும் விருந்தாளிகளாகிய நாம்தாம் என்பதால், இவரை மட்டும் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை.

விவசாயக் கல்லூரியில் படிக்கும் மருமான் ஒருநாள் துணிந்து விஷயத்தை எடுத்தான். ஒரு கிலோ அரிசி விளைய, மழைநீரையும் சேர்த்து, உலகச் சராசரியில் சுமார் 2,500 லிட்டர் நீர் செலவாகிறது. நாற்பது கிராம் அரிசியின் சோறு இலையில் தங்கினால் நூறு லிட்டர் போயிற்று. ஐந்நூறு இலைக்கு ஐம்பதாயிரம் லிட்டர் என்று அடுக்கினான். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அத்தனை தண்ணியும் நம்ம வாய்க்கால்லயா மாப்ளே வந்துச்சு?"

"அரிசி எந்த ஊரோ, மாமா. காண்டிராக்டர் வாங்கினது."

"அப்ப சரி," என்றவர், "அந்த மூணாவது இலைக்கு இன்னும் கொஞ்சம் சாதம் போடச் சொல்லு," என்று நகர்ந்தார்.

கடைசிப் பந்தி முடிந்து கூடம் ஓய்ந்த பிறகுதான் அவர் தமக்கு ஓர் இலை போட்டுக்கொள்வார். ஒரு கரண்டி சோறு, மோர், நார்த்தங்காய். அவரிடம் கற்ற வித்தையை அவரிடமே காட்ட எண்ணி ஒரு பையன் சாம்பார் வாளியோடு நெருங்கினால், இரண்டு கைகளாலும் இலையை மறைத்துக்கொண்டு, விரல்களுக்கிடையில் இம்மி இடைவெளியும் இல்லாதபடி நெருக்கி வைத்து, "வேணாம் தம்பி, வீணாப் போயிடும்," என்பார்.