கூடார ஜிப்: ஓர் ஆராய்ச்சி

ஆப்பிரிக்கக் காடுகளின் ஆற்றங்கரைக் கூடாரங்களில் தங்கியவர்கள் சிங்கத்தை எழுதினார்கள், நீர்யானையை எழுதினார்கள், சூரிய உதயத்தை அளவுக்கு மீறி எழுதினார்கள். இவற்றுக்கும் விருந்தாளிக்கும் நடுவே இருக்கும் ஜிப்பை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை. ஆய்வுக்களம், செகந்திராபாத்தின் மேற்கு மாரேட்பள்ளி. கென்யாவுக்குப் போகாமலே கென்யாவை ஆராய இதைவிடத் தோதான இடம் கிடையாது. மசாய் மாரா போய்வந்த தமிழ்க் குடும்பங்கள் இங்கே ஃபில்டர் காபியோடு தகவலும் தருகின்றன.

முதலில் பொருளின் இலக்கணம். கூடார வாசலுக்கு இரண்டு அடுக்கு: உள்ளே கொசுவலை, வெளியே கித்தான். ஒவ்வொன்றுக்கும் தனி ஜிப், ஒவ்வொரு ஜிப்புக்கும் இரண்டு இழுப்பான். ஒன்று மேலிருந்து இறங்கும், மற்றது தரையோரமாக வரும், இரண்டும் கீழ்மூலையில் சந்திக்க வேண்டும். சந்திக்காது. ஒரு விரற்கடை இடைவெளி விட்டு நின்றுவிடும். குரங்குக்கு அது போதும் என்பதால் இரண்டையும் சேர்த்து மாட்ட முகாம்காரர்கள் ஒரு கொக்கி தருகிறார்கள். பகலில் அதைத் தவறாமல் மாட்டுகிறவர்கள், இரவில் தலையணைக்கடியில் தேடுகிறார்கள். அவசரப்பட்டு இழுத்தால் ஜிப் கித்தானின் மடிப்பைக் கடித்துக்கொள்ளும். விசாரித்தவரையில், முகாமில் ஏதோ கடித்ததாகச் சொன்ன எல்லோரும் இதைத்தான் சொன்னார்கள். ஜிப்பின் பல்லில் மெழுகுவத்தியைத் தேய்ப்பது கைகண்ட மருந்து. மாரேட்பள்ளி மாமி ஒருவர் விபூதிச் சம்புடத்தோடு ஒரு மெழுகுவத்தித் துண்டையும் நைரோபிவரை கொண்டுபோயிருக்கிறார்.

இனி வரலாறு. 1893ஆம் ஆண்டை முன்னாய்வாளர்கள் சரியாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. அவ்வாண்டு ஜனவரியில் ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் ஹைதராபாத் வந்து, ஆறாம் நிஜாம் மஹ்பூப் அலி கானின் விருந்தாளியாக வேட்டையாடினார். பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் செகந்திராபாத் மஹ்பூப் கல்லூரியில் பேசினார். பிறகு சென்னை, அப்புறம் சிகாகோ. அதே சிகாகோவில் விட்கோம் ஜட்சன் என்பவர் ஆகஸ்டில், பூட்ஸை மூடுவதற்கான ஜிப்பின் ஆதி வடிவத்துக்குக் காப்புரிமை பெற்றார். இம்மூன்றுக்கும் என்ன தொடர்பு? ஒன்றுமில்லை. போதிய அடிக்குறிப்பு சேர்த்தால் முனைவர் பட்டத்துக்குத் தாங்கும்.

திடமாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: நிஜாமின் வேட்டை முகாம்களில் ஜிப் கிடையாது. 1902இல் வாரங்கல் பக்கத்து நெக்கொண்டாவில் முகாமிட்ட வைஸ்ராய் கர்சன் பிரபுவுக்கும் கிடையாது. இன்றைய வடிவில் ஜிப்பை கிதியோன் சுண்ட்பேக் உருவாக்கியது 1913இல்தான். கர்சனும் மனைவியும் செத்த புலியோடு நிற்கும் படத்தை ராஜா தீன் தயாள் எடுத்தார். படம் எடுப்பவர்களுக்கு எப்போதும் புலிதான் முக்கியம், கூடார வாசல் அல்ல. பாம்பு கடித்தால் ஆறாம் நிஜாமை நள்ளிரவிலும் எழுப்பலாம், விஷத்தை இறக்கிவிடுவார் என்று ஹைதராபாத்தில் இன்றும் சொல்வார்கள். கொசுவலைக்கு ஜிப் வந்தபின் அப்படிப்பட்ட மன்னர்களுக்கு வேலை குறைந்துவிட்டது.

ஜிப் சிங்கத்தைத் தடுக்குமா? மூடிய கூடாரம் சிங்கத்தின் கண்ணுக்குப் பாறைதான், உள்ளே ஆள் இருப்பது அதற்குத் தோன்றாது என்பது வழிகாட்டிகளின் சித்தாந்தம். அதை ஏற்காத சிங்கங்கள் இரண்டு இருந்தன. 1898இல் கென்யாவின் சாவோ ஆற்றங்கரையில் உகாண்டா ரயில்வேக்குப் பாலம் கட்டப் போன இந்தியத் தொழிலாளர்களை அவை கூடாரத்துக்குள் புகுந்து இழுத்துப் போயின. முள்வேலிக்கும் அடங்கவில்லை. அவர்கள் காசு கொடுத்து அங்கே தங்கியவர்கள் அல்லர், கூலிக்குத் தங்கியவர்கள். பாலம் கட்டும் பொறுப்பிலிருந்த பேட்டர்சன் டிசம்பரில் இரண்டையும் சுட்டுக் கொன்றார். 1924இல் தோல்கள் ஃபீல்டு அருங்காட்சியகத்துக்கு விலைபோயின. அந்த அருங்காட்சியகமும் சிகாகோவில்தான் இருக்கிறது, அதுவும் 1893இல் தொடங்கியதுதான். அடிக்குறிப்புக்கு இன்னொன்று ஆயிற்று.

களத்தில் திரட்டிய நள்ளிரவு உரையாடல் ஒன்று:

“ஏன்னா, வெளியில ஏதோ மேயறது.”

“நீர்யானைதான். ராத்திரி கரையேறிப் புல்லு திங்கும். விடியறதுக்குள்ள ஆத்துக்குப் போயிடும், தூங்கு.”

“ஜிப்பைப் போட்டேளா?”

“போட்டேன்.”

“கொக்கி?”

பதில் பதிவாகவில்லை.

மாமா சொன்னது சரிதான். நீர்யானை கூடாரத்தைத் தேடி வருவதில்லை. அதற்கும் ஆற்றுக்கும் குறுக்கே நிற்பவர் கதைதான் மோசம். ஆகவே இருட்டியபின் வெளியே வர வேண்டுமானால் டார்ச் அடித்துக் காவலாளியைக் கூப்பிட வேண்டும் என்பது முகாம் விதி. ஒரு காலத்தில் நிஜாமுக்கு ஆப்பிரிக்கக் குதிரைப்படை காவல் நின்றது; ஹைதராபாத்தின் ஏ.சி. (ஆப்பிரிக்கன் கேவல்ரி) கார்ட்ஸ் பேட்டை அவர்கள் பெயரில்தான் இருக்கிறது. இப்போது ஹைதராபாத்காரர்கள் கென்யாவுக்கே போய்க் காவலாளியைக் கூப்பிடுகிறார்கள்.

கழிவறை கூடாரத்தின் பின்புறத்திலேயே ஒட்டியிருக்கிறது. ஆனால் அதற்கும் ஒரு ஜிப். இரவு இரண்டு மணிக்கு ஒருவர் அதை ‘சர்ர்ர்’ என்று திறந்தால் பக்கத்துக் கூடாரத்தார் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். மறுநாள் காலை, ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே, சிங்கம் கித்தானைக் கிழித்ததாக அறிவிக்கிறார்கள். திறந்தவரும் அதே மேசையில் உட்கார்ந்து ஆமாம் போடுகிறார். சிங்கம் வந்ததாகச் சொல்லப்படும் இரவுகளில் கணிசமானவை சர்க்கரை வியாதிக்காரர்களின் இரவுகளே என்பது இவ்வாய்வின் தலையாய முடிவு.

ஜிப்போடு ஒத்துப்போகாதவர்களுக்கு ஒரு தகவல். ஹைதராபாத்திலிருந்து ஸ்ரீசைலம் சாலையில் போனால், கிருஷ்ணா நதியை ஒட்டிய நல்லமலைக் காட்டில் அம்ராபாத் புலிகள் காப்பகம் வரும். மன்னனூரில் வனத்துறையே தங்கவும் காட்டுக்குள் சவாரி போகவும் ஏற்பாடு செய்கிறது. புலி கண்ணில் படும் என்று உத்தரவாதம் இல்லை. அறைக்குக் கதவு உண்டு.