பலவீனத்த மட்டும் திருத்திராத தாயி

வா தாயி, உக்காரு. 'என் எழுத்தின் பலமும் பலவீனமும்'னு காலேஜுல எழுதிட்டு வரச் சொன்னாகளாக்கும்? குறை கண்டுபிடிக்கிற வேலையையும் உங்க தலையிலயே கட்டிட்டாரு உங்க வாத்தியாரு. பொழைக்கத் தெரிஞ்ச மனுசன்.

நீ எழுதுனத உங்க ஆச்சி வாசிக்கக் கேட்டேன். பலம்: சொல்வளம், உவமை நயம், நடையழகு. அடேயப்பா, கல்யாணப் பத்திரிகையில மாப்ளை பேருக்குப் பின்னால பட்டம் அடுக்குன மாதிரில்லா இருக்கு! பலவீனம்: ஒற்றுப்பிழை, பேச்சு வழக்கு கலந்துருது, சுருக்கமா முடிஞ்சுருது. ஒற்ற விடு, உக்காந்து படிச்சா வந்துரும். மத்த ரெண்டுதான் எனக்கு இடிக்கி.

ஐப்பசியில மழையப் பத்தி எழுதுனியே. வானமங்கை கண்ணீர் வடிச்சா, பூமித்தாய் பச்சைப்பட்டு உடுத்துனா. எல்லாஞ்சரி. அன்னைக்குக் கரிசக்காட்டுல களிமண்ணு கால விடமாட்டேன்னு அப்பிக்கிட, செருப்ப உருவிக் கையில பிடிச்சிக்கிட்டு வந்து நின்னியே, அது எங்க? அந்தக் கட்டுரையில நனையாத ஒரே ஆளு நீதான்.

சுருக்கமா முடியிறது பலவீனம்னியே, அதே மாசம் செவலை ஆட்டுக்கு உடம்புக்கு முடியலன்னு உங்கப்பனுக்குப் போன்ல ஒண்ணு அனுப்புன. "ஆடு காலைலருந்து அசை போடல. இடது பக்கம் வயிறு உப்பியிருக்கு, தட்டுனா டம்டம்முங்கு. கடலெண்ணெய் குடுத்தாச்சு. மாட்டாஸ்பத்திரி டாக்டரக் கையோட கூட்டிட்டு வாங்க." அம்புட்டுத்தான். அவன் திருப்பி ஒரு கேள்வி கேக்கல, டாக்டரோட வந்து இறங்கிட்டான். 'வாயில்லா ஜீவன் துடித்ததென்றால் அது மிகையாகாது'ன்னு நீ ஆரம்பிச்சிருந்தேன்னு வையி, ராத்திரி நம்ம வீட்டுல கறிக்கொழம்புதான்.

பேச்சு வழக்கு பலவீனமாம்ல? கோவில்பட்டிக்குப் பக்கத்துல இடைசெவல். அங்கனக்குள்ள சம்சாரியா இருந்த கி. ராஜநாராயணன் பள்ளிக்கூடத்தப் பாதியில விட்டவரு. கரிசக்காட்டுப் பேச்சப் பொறுக்கிச் சேத்து அகராதியே போட்டாரு. 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு 1991ல சாகித்ய அகாதமி பரிசு. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துல கூப்பிட்டுப் பேராசிரியர் நாற்காலியில உக்கார வச்சாக.

அதுக்காக, மூச்சுக்கு மூச்சு ஊர்ப்பேச்சையே எழுதித் தள்ளிராத. அதே ஊர்க்காரரு கு. அழகிரிசாமி கதை சொல்றது பெரும்பாலும் எளிய எழுத்துத் தமிழ்தான். அவருக்கும் 1970ல அதே பரிசு குடுத்தாக. ஒரு சின்ன ஊருக்கு ரெண்டு அகாதமி! ரெண்டு பேர்கிட்டயும் இரவல் குரல் கிடையாது.

நீ எழுதாம விட்ட பலவீனம் அந்த இரவல் குரல்தான் தாயி. பேசுறப்ப எங்க பேத்தியா இருக்க. பேனாவ எடுத்ததும் மேடையில மாலைக்குக் காத்திருக்க பெரிய மனுசி ஆயிருத. யாரு குரல்னு எங்களுக்கே தெரிய மாட்டேங்கு.

சரி, அந்தத் தாள எடு. பம்புசெட்டுக்கு மும்முனைக் கரண்டுல ஒரு பேஸ் வரல, மோட்டார் உறுமிக்கிட்டே நிக்கி. கரண்டு ஆபீசுக்கு ஒரு மனு எழுதணும். வானமங்கைய மட்டும் அதுல கூட்டியாந்துராத.