ஆக்கியோன் பெயர்: இத்தாலிய எஃகு சைக்கிள் பிரேம்களை முன்வைத்து ஓர் ஆய்வு

சிறப்புப்பாயிரம் சொல்ல வேண்டிய எட்டுச் செய்திகளுள் ஆக்கியோன் பெயரை முதலில் வைத்தது நன்னூல். அதை இயற்றிய பவணந்தியார் சைக்கிளை மனத்தில் கொண்டிருந்தார் என்பதற்குச் சான்றில்லை. ஆயினும் அவ்விதியைக் கைவிட்டால் என்ன இடர் வரும் என்பதை இத்தாலியின் பழைய பந்தய சைக்கிள்கள் தெளிவாகவே காட்டுகின்றன. அவற்றுக்குப் பாயிரம் என்று இருந்தது குழாயில் ஒட்டிய ஸ்டிக்கர் ஒன்றே. அது உரிந்துபோகும். உரிந்தபின் எவராவது புது பெயின்ட் அடித்துவிடுவார். எஞ்சுவது ஏறத்தாழ இரண்டு கிலோ எஃகும், இதைச் செய்தவர் யார் என்ற வினாவும்தான்.

வினா அற்பமானது என்பார் சந்தை நிலவரம் அறியாதார். டஸ்கனியில் காயோலே இன் கியாந்தி என்னும் ஊரில் 1997 முதல் லெரோய்கா என்ற ஓட்டம் நடக்கிறது. அதில் பெரும்பாலும் 1987க்கு முந்தைய பந்தய சைக்கிள்களுக்கே இடம். ஆகவே கொட்டகையில் துருவேறிக் கிடந்த பிரேம்களுக்கெல்லாம் இன்று குலமும் கோத்திரமும் தேவைப்படுகின்றன.

தொடக்கநிலை ஆய்வாளர் முதலில் செய்வது, பெயர் எங்கேனும் பொறித்திருக்கிறதா என்று தேடுவது. கிடைக்கும்; அதுதான் சிக்கல். பின்சக்கர அச்சு உட்காரும் கவையில் ‘கம்பன்யோலோ’ என்றிருக்கும். உடனே அவர் தம்மிடம் இருப்பது கம்பன்யோலோ சைக்கிள் என்று அறிவித்துவிடுவார். விச்சென்சாவில் 1933இல் துல்லியோ கம்பன்யோலோ தொடங்கிய அந்த நிறுவனம் பாகங்கள் செய்து விற்றது. அதன் கவைகள் ஊரிலுள்ள நல்ல பிரேம்கள் பலவற்றில் உண்டு. அடுத்து, பெடல் அச்சு செல்லும் கூட்டில் ‘சினெல்லி’ எனக் காணப்படலாம். சீனோ சினெல்லி 1943இல் மிலான்–சான் ரெமோ பந்தயத்தை வென்றவர், பின்னாளில் தொழிலதிபர். அவருடைய வார்ப்புகளைப் பிற பட்டறைகளும் வாங்கிப் பயன்படுத்தின. மூன்றாவதாகப் புறா முத்திரை. அது கொலும்பஸ், குழாய் விற்றவர். காகித ஆலை, மை வியாபாரி, பைண்டர் ஆகிய மூவர் பெயரும் தவறாமல் அச்சாகி, நூலாசிரியர் பெயர் மட்டும் விடுபட்ட புத்தகம் போன்றது இது.

கூட்டின் அடியில் 57 என்று குத்தியிருப்பதைக் கண்டு, இது அப்பட்டறையின் ஐம்பத்தேழாவது படைப்பு என்று கொள்வாரும் உளர். அது பெரும்பாலும் சென்டிமீட்டரில் பிரேமின் அளவு. இப்பிரிவினரோடு வாதிடுவது வீண்.

இனி அகச்சான்று. இத்துறையில் அச்சொல்லை நேர்பொருளிலேயே கொள்க. விரலை உள்ளே விட வேண்டும். முதற்கண் நாட்டை உறுதிசெய்யக் கூட்டின் மரையை நோக்குக. ஆங்கில மரையெனில் கூட்டின் அகலம் 68 மி.மீ., செயின் பக்கத்தில் இடமரை. இத்தாலிய மரையெனில் அகலம் 70 மி.மீ., விட்டம் 36 மி.மீ., இரு பக்கமும் வலமரை. செயின் பக்கத்தில் வலமரை இருந்தால் மிதிக்க மிதிக்க அச்சைத் தாங்கும் கப் தானாகக் கழன்று வரும். இது எல்லோரும் அறிந்த குறை. அறிந்தும் இத்தாலியர் பல பத்தாண்டுகள் மாற்றவில்லை. பொறியியல் இதற்கு விளக்கம் தராது, நாட்டுப்பற்று தரும்.

கூட்டுக்குள் விட்ட விரலைக் கீழ்க்குழாயின் முனை வரை நீட்டினால் சிலவற்றில் திருகிச் செல்லும் ஐந்து வரம்புகள் தட்டுப்படும். அவை கொலும்பஸ் எஸ்.எல்.எக்ஸ். குழாயின் அடையாளம், ஆகவே பிரேம் 1980களுக்கு முந்தையதன்று. பின்கவைகளின் இடைவெளியும் காலம் சொல்லும்: 120 மி.மீ. எனில் ஐந்து பல்சக்கரக் காலம், 126 எனில் ஆறோ ஏழோ, 130 எனில் எட்டு. ஆனால் எஃகு வளையும் இயல்பினது. பின்னால் வந்தவர் கவையை அகட்டிப் புதுச் சக்கரம் மாட்டியிருந்தால் அந்த அளவு இடைச்செருகல் எனத் தள்ளப்படும். வண்ணமும் அவ்வாறே. வெளிர் நீலப்பச்சை கண்டவுடன் பியாங்கி என்று துள்ளுவோர், அவ்வண்ணம் டப்பாவில் விற்பனைக்குக் கிடைப்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் நாட்டையும் காலத்தையும் தந்தன, ஆளைத் தரவில்லை. ஆளைக் காண வழி சொன்னவர் சைக்கிள் உலகைச் சேராத ஒருவர். வெரோனாவில் பிறந்த ஜொவான்னி மொரெல்லி (1816–1891), கையொப்பமற்ற ஓவியத்தின் ஆசிரியரை அறிய முகத்தையும் புன்னகையையும் பார்க்காதே, காது மடலையும் விரல் நகத்தையும் பார் என்றார். ஓவியன் கவனமின்றி வரைவது அங்கேதான். அங்கேதான் அவன் தன்னை மறைக்கத் தெரியாமல் வெளிப்படுகிறான். இக்கருத்தை அவர் ஒரு ரஷ்யப் புனைபெயரில் ஜெர்மன் மொழியில் வெளியிட்டார் என்பது ஆக்கியோன் பெயர் ஆராய்ச்சிக்கு மிகப் பொருத்தமே.

பிரேமுக்குக் காது எது? குழாய்கள் கூடும் லக்குகளின் கூர்முனை, சீட்டின் கீழ் வந்து சேரும் குச்சிக் குழாய்களின் மூடி, பிரேக் பாலத்தின் வளைவு ஆகியன. லக்கில் கிளாவர் இலை வெட்டியிருந்தால் கொல்னாகோ, இதயம் எனில் தெ ரோசா, ஜி.பி.டி. என்ற எழுத்துகள் எனில் திரெவீசோ ஊர் ஜொவான்னி பினரெல்லோ என்பது பாலபாடம். (இப்பினரெல்லோ 1951 ஜிரோ என்னும் இத்தாலியச் சுற்றுப் பந்தயத்தில் கடைசியாக வந்தவர். மறு ஆண்டு வேறொருவருக்கு இடம் விட்டுக்கொடுக்கப் பெற்ற லட்சம் லீராவைக் கொண்டு கடை வைத்தார். ஓடாமல் ஈட்டிய பணத்தில் ஓடும் பொருள் விற்ற முன்னோடி.) ஆனால் இவை காதுகள் அல்ல, கையொப்பங்கள். அரம் உள்ள எவரும் இலை வெட்டலாம். மொரெல்லி மெச்சியிருக்கக் கூடியது லென்யானோ ஒன்றே. உலகமெல்லாம் சீட் தண்டை இறுக்கும் போல்ட்டைக் குழாய்க்குப் பின்னால் வைக்க, அவர்கள் முன்னால் லக்கோடு வைத்தார்கள். பெயின்ட் எத்தனை முறை மாறினாலும் அந்தப் பழக்கம் மறையாது.

இங்கே எதிர்த்தரப்பு எழுப்பும் தடை வலுவானது: ஆக்கியோன் என்பவன் யார்? 1972இல் மெக்சிகோ நகரில் பந்தய வீரர் எட்டி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கி.மீ. ஓட்டினார். அந்த சைக்கிளைக் கட்டியவர் எர்னெஸ்டோ கொல்னாகோ. அதில் ஒட்டியிருந்த பெயரோ வின்ட்ஸர் என்ற வேறொரு நிறுவனத்தினுடையது. மிலானின் விகொரெல்லி ஓட்டக்களத்தில் பட்டறை வைத்திருந்த ஃபலியேரோ மாசி கட்டிய பிரேம்கள் பலவும், வீரரின் புரவலர் எவரோ அவருடைய வண்ணம் பூசிக்கொண்டு பந்தயத்துக்குப் போயின. சிற்றூர்க் கடைக்காரர்கள் பிறரிடம் வாங்கிய பிரேமில் தம் பெயரை ஒட்டி விற்றனர். எனவே பெயர் ஒட்டியவனே ஆக்கியோன் என்பார் ஒரு சாரார். தீயைப் பிடித்துப் பற்றவைத்தவனே என்பார் மறுசாரார். இக்கட்டுரையாளர் பின்னவர் பக்கம். முன்னவர் கட்சி வென்றால் ஆய்வே தேவைப்படாது. ஸ்டிக்கர் கடை போதும்.

அருங்காட்சியகங்கள் இத்தகைய சூழலில் கைக்கொள்ளும் படிநிலைகள் நமக்கும் உதவும்: ‘மாசி’, ‘மாசி பட்டறை’, ‘மாசி வழியினர்’, ‘மாசியைக் கண்டிருக்கக் கூடியவர்’. பெரும்பாலான பிரேம்கள் நான்காம் படியிலேயே நின்றுவிடும். நேர்மையான அட்டை இப்படித்தான் இருக்கும்: வட இத்தாலி, 1978ஐ ஒட்டிய காலம், பெயர் அறியப்படாத பட்டறை, சீட் குழாய் சற்றே நசுங்கியது.

இம்முடிவை உரிமையாளரிடம் தெரிவித்தால் அவர் மிகுந்த பணிவோடு கேட்டுக்கொள்வார்; அன்று மாலையே கொல்னாகோ ஸ்டிக்கருக்கு ஆர்டர் போடுவார். அதைத் தடுக்க ஆய்வுலகுக்கு அதிகாரமில்லை. ஒட்டுவதற்கு முன் அதன் அடியில் அன்றைய தேதியைப் பென்சிலால் குறித்துவைக்குமாறு மட்டும் கேட்டுக்கொள்ளப்படுகிறது.