கேளுங்க, சொல்றேன்!

கே: குரோமோசோமை எங்க ஊர்க்காரனுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்களேன்? (சிவகாசி)

ப: நீங்க அடிக்கிற காலண்டர்தான். அப்பா கொடுத்தது 23 தாள், அம்மா கொடுத்தது 23 தாள். ஆக இரண்டு செட், 46 தாள். முழு செட்டே கூடினால் அது பன்மடியம்; செடிகள் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஏப்ரல் தாள் மட்டும் ஒன்று கூடிப்போனால்? வருஷக் கணக்கே உதைக்கும்.

கே: டவுன் சிண்ட்ரோம் அப்படித்தானா? கர்ப்பத்தில் கிரகணத்தன்று வெளியே போனாள் என்று மருமகளைத் திட்டுகிறார்கள். (திருத்தங்கல்)

ப: 21-ஆம் தாள் இரண்டுக்குப் பதில் மூன்று. 1959-லேயே பாரிஸில் கண்டுபிடித்தாயிற்று. பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போது ஒரு ஜோடி பிரியாமல் போவதுதான் காரணம். சூரியனுக்கும் சந்திரனுக்கும் இதில் வேலையே இல்லை. அந்தப் பெண்ணைத் திட்டுகிற வாயை முதலில் மூடச் சொல்லுங்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள், படிப்பான்.

கே: தாத்தா கருங்கண்ணி போட்டார். இப்போது எல்லாமே அமெரிக்கப் பருத்தி. என்ன வித்தியாசம்? (சாத்தூர்)

ப: சரியாகப் பாதி! நம் கரிசலின் கருங்கண்ணிக்கு 26 குரோமோசோம், அமெரிக்கனுக்கு 52. பழைய உலகப் பருத்தி ஒன்றும் அமெரிக்கக் காட்டுப் பருத்தி ஒன்றும் பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் முன்பு கலந்து, இரண்டு பேர் சொத்தையும் பிரிக்காமல் வைத்துக்கொண்டதால் வந்த 52. அதாவது அந்த அமெரிக்கனுக்குள் நம் கருங்கண்ணியின் பங்காளி உட்கார்ந்திருக்கிறான். எம்.சி.யு. ரகம் போட்டிருப்பீர்களே? மெட்ராஸ், கம்போடியா, உகாண்டா என்பதன் சுருக்கம் அது. பேரில் மூன்று ஊர், பூர்வீகம் நாலாவது ஊர்.

கே: அப்படியானால் இரண்டையும் கலந்துவிடலாமே? (அதே சாத்தூர்)

ப: கலக்கலாம். பிறப்பது 39. அதை இரண்டு பேருக்குச் சமமாகப் பங்கு வையுங்கள், பார்ப்போம். வைக்க முடியாது, அதனால்தான் அந்தச் செடி மலடு.

கே: வாழைப்பழத்தில் ஏன் விதை இல்லை? (ராஜபாளையம்)

ப: பூவன், ரஸ்தாளி, நேந்திரன், விருப்பாச்சி எல்லாமே மூன்று செட். அதே பாகப்பிரிவினைத் தகராறு. மகரந்தமே சேராமல் காய்க்கும் குணம் வேறு. விதை இல்லை என்றால் கன்றுதான், கன்று என்றால் எல்லாம் ஒரே அச்சு. ஒரு மரத்தைக் கொல்லும் நோய் தோப்பையே கொல்லும். பழனி மலையில் விருப்பாச்சியை முடிக்கொத்து நோய் அப்படித்தான் வாரிக்கொண்டு போனது.

கே: செட்டை நாமே கூட்ட முடியுமா? (விருதுநகர்)

ப: மருந்து நம் ஊரிலேயே விளைகிறது. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் பந்தலில் ஏற்றிவிடுகிறார்களே, கண்வலிக்கிழங்கு; நம் மாநில மலர் செங்காந்தள்! விதையில் இருக்கும் கோல்ச்சிசின், செல் பிரியும்போது குரோமோசோமை இரு பக்கமும் இழுக்கும் இழைகளை உருவாகவிடாது. நகல் எடுத்தாயிற்று, பிரிக்க ஆளில்லை: இரட்டிப்பு! இதை மாக்னோலியா மரத்தில் செய்து காட்டியவர் ஜானகி அம்மாள். 1934-இல் கோவை கரும்பு நிலையத்துக்கு வந்தவர், டார்லிங்டன் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து 1945-இல் பயிர்களின் குரோமோசோம் அட்லஸ் போட்டவர், 1984-இல் மதுரவாயலில் மறைந்தவர். பாடப்புத்தகத்தில் முழுப் பாடமே வைக்க வேண்டிய மனுஷி.

கே: சொந்தத்தில் கல்யாணம் செய்தால் குரோமோசோம் கூடுமா? (ஸ்ரீவில்லிபுத்தூர்)

ப: கூடாது, 46-தான். ஒரே எழுத்துப்பிழை இரண்டு பக்கமும் வந்துசேரும் வாய்ப்புதான் கூடும். இதயத் தசைக்கான ஒரு மரபணுவில் 25 எழுத்து விட்டுப்போன பிழை, தெற்காசியர்களில் நூற்றுக்குச் சுமார் 4 பேரிடம் இருப்பதாக 2009-இல் வெளிவந்த ஆய்வு சொன்னது. பத்துப் பொருத்தம் பார்க்கிற வீட்டார், பதினோராவதை டாக்டரிடம் பாருங்கள்.

கே: அச்சகத்தில் தாள் கீறி விரலில் ரத்தம். இதிலும் செட் கதை உண்டா? (சிவகாசி)

ப: உண்டு! எலும்பு மஜ்ஜையில் ஒரு பூதச் செல். இரண்டாகப் பிரியாமல் உள்ளுக்குள்ளேயே 16, 32, சமயத்தில் 64 செட் வரை பெருக்கிக்கொள்ளும். அது ஆயிரக்கணக்கில் உதிர்க்கும் துணுக்குதான் ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு. விரலைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடியுங்கள், மீதியை அது பார்த்துக்கொள்ளும்.