மாடு சப்பின களுசான்

போன ஆவணியில் அண்ணனின் மகன் ஸ்காபரோவிலிருந்து வேலணைக்கு வந்தான். பண்ணைப் பாலம், அல்லைப்பிட்டி, மண்கும்பான் எல்லாம் தாண்டி வங்களாவடிச் சந்தியில் வானால் இறங்கி, ஒழுங்கையால் நடந்து வந்தான். படலையில் நின்ற என் அம்மா பயணம் எப்படி, சாப்பிட்டாயா என்று ஒன்றும் கேட்கவில்லை.

"எங்கை மோனை விழுந்தனீ?"

இரண்டு முழங்காலும் வெளியே தெரிந்தன. இடது தொடையில் ஒரு சாண் நீளத்துக்குத் துணியே இல்லை. வலது தொடையில் இருந்தது, ஆனால் அதிகநாள் இருக்காது போலத் தெரிந்தது.

"விழேல்லை அப்பம்மா. வாங்கும்போதே இப்பிடித்தான்."

"எவ்வளவு குடுத்தனீ?"

அவன் நூற்றிநாற்பது டொலர் என்றான். நான் மனதுக்குள் பெருக்கிப் பார்த்தேன். முப்பதினாயிரம் ரூபாய்க்குக் கிட்ட வந்தது. அம்மாவுக்கு அதை மொழிபெயர்க்கவில்லை. எண்பத்துநாலு வயது, பிறசர் வேறு இருக்கிறது.

தமிழில் கிழிப்பதற்கு எப்போதும் நல்ல பெயர் இருந்ததில்லை. பரீட்சையில் கோட்டை விட்டவனை "படிச்சுக் கிழிச்சவர்" என்போம். வெளிநாடு போய்க் காசு அனுப்பாதவனை "அங்கை என்னத்தைக் கிழிக்கிறான்?" என்று கேட்போம். என் அண்ணனைப் பற்றியும் முப்பது வருடமாக ஊர் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. பதில் இப்போது நடந்து வந்து எங்கள் விறாந்தையில் குந்தியிருந்தது.

கந்தையானாலும் கசக்கிக் கட்டச் சொன்ன ஊர் இது. ஒழுங்கைக்கு ஒரு கந்தையா இருந்த காலத்தில்கூட, கந்தை பெயரில்தான் இருந்ததே தவிர உடுப்பில் இருக்க விட்டதில்லை. கிழிந்தால் அன்றிரவே ஒட்டுப் போட்டாக வேண்டும். பீத்தல் களுசானோடு பிள்ளை பள்ளிக்கூடம் போனால் குறை பிள்ளைக்கல்ல, தாய்க்கு. களுசான் என்பதே போர்த்துக்கேயன் தந்த சொல். 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தவன் ஊர்காவற்றுறையில் கடற்கோட்டையையும் எங்கள் வாயில் அலுமாரியையும் களுசானையும் விட்டுவிட்டுப் போனான். அவன் தந்தது முழுக் களுசான்.

அன்றிரவு அவன் உடுப்பு மாற்றிச் சாரத்தோடு படுத்த பிறகு, அம்மா அந்த ஜீன்ஸை எடுத்துக்கொண்டு லைட்டுக்குக் கீழே போனார். ஊசி நூல் எடுத்துத் தைக்கப்போகிறார், காலையில் பெடியன் அழப்போகிறான் என்று பயந்து நானும் பின்னால் போனேன். அம்மா தைக்கவில்லை. கண்ணாடியை மூக்கில் இறக்கி, கிழிசலின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் அம்மா நாலு பிள்ளைகளுக்கும் ஒரு புருஷனுக்கும் அரை நூற்றாண்டு ஒட்டுப் போட்டவர். கிழிசலைப் பார்த்தே அது எங்கே, எப்படி நடந்தது என்று சொல்லிவிடுவார். முள்ளுக்கம்பி வேலிக்குள்ளால் புகுந்தால் மூலை முட்டக் கிழியும், 'ட' எழுதின மாதிரி. சைக்கிள் செயின் கடித்தால் வலது காலின் கீழ்விளிம்பு போகும், கிறீஸும் பிடித்திருக்கும். எலி வெட்டினால் பல் பல்லாக இருக்கும். வாங்கிலில் குந்தித் தேய்ந்தது பின்பக்கத்தில் முதலில் பளபளக்கும், பிறகு வெளிச்சம் தெரியும். இந்த அறிவால் சின்ன வயதில் நாங்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. மாங்காய்க்கு வேலி பாய்ந்துவிட்டு "பள்ளிக்கூடத்திலை தடக்கி விழுந்தனான்" என்று சொன்னால், களுசான் எங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

"உது பிளேட்டாலை கீறினது," என்று அம்மா தீர்ப்புச் சொன்னார். "ஆரோ ஒருத்தன் இருந்து கீறியிருக்கிறான். பிறகு உரஞ்சியிருக்கிறான். பார், நீலமெல்லாம் போய் வரிச்சு மட்டும் நிக்குது."

வரிச்சு! ஓலை உக்கி விழுந்த வேலியில் குறுக்குத்தடி மட்டும் நிற்குமே, அசல் அதேதான். ஜீன்ஸ் துணியில் பாவு நீலம், ஊடை வெள்ளை. நெட்டாக ஓடும் நீல நூலை அறுத்துவிட்டுக் குறுக்காக ஓடும் வெள்ளையை விட்டுவைத்தால், முழங்காலில் அந்த வெள்ளை வரிகள் நிற்கும். கீறுவதும் உரஞ்சுவதும் உண்மையாகவே ஆட்கள் செய்யும் தொழில்தான், இப்போது லேசரும் செய்கிறது. இடையில் ஒரு காலம் மணலைக் காற்றோடு வீசியடித்து ஜீன்ஸைப் பழசாக்கினார்கள். அந்தத் தூசியை உறிஞ்சித் துருக்கித் தொழிலாளருக்கு நுரையீரல் நோய் வந்து பலர் செத்தபிறகு, 2009இல் அந்த நாடு அதைத் தடை செய்தது. சாட்டிக் கடற்கரைக் காற்றில் ஒரு பின்னேரம் நின்றாலே வாயெல்லாம் மணல். மற்றவனின் களுசானைப் பழசாக்க அதை நாள் முழுக்கச் சுவாசிப்பதை நினைத்துப் பாருங்கள்.

கிழியாமல் இருக்கவென்று கண்டுபிடித்த உடுப்பு இது என்பதுதான் பெரிய பகிடி. அமெரிக்காவில் ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரரிடம் ஒரு கூலித்தொழிலாளியின் மனைவி வந்து, புருஷனுக்குக் கிழியாத களுசான் வேண்டும் என்று கேட்டாளாம். அவர் பொக்கற் மூலைகளில் செப்பு ஆணி அடித்துக் கொடுத்தார். துணி வியாபாரி லீவை ஸ்ட்ராஸோடு சேர்ந்து 1873 மே 20இல் அதற்குக் காப்புரிமையும் எடுத்தார். அந்தப் பெண் மட்டும் எங்கள் பெறாமகனைக் கண்டிருந்தால் காசைத் திருப்பிக் கேட்டிருப்பாள்.

எனக்கு அந்த ஜீன்ஸ் பிடிக்கவில்லை. ஆனால் வாய் திறக்கிற தகுதி எனக்கில்லை. வாய் திறந்தால் என்ன நடக்கும் என்றும் தெரியும். 2021இல் இந்தியாவின் உத்தராகண்ட் முதலமைச்சர் தீரத் சிங் ராவத், பதவியேற்ற கையோடு, விமானத்தில் பக்கத்திலிருந்த பெண்ணின் முழங்கால் கிழிந்த ஜீன்ஸைப் பற்றி மேடையில் குறைப்பட்டார். மறுநாளே நாடெங்கும் பெண்கள் முழங்காலைப் படமெடுத்துப் போட்டார்கள். வேறு காரணத்தால்தான் என்றாலும், நாலு மாதத்துக்குள் அவர் கதிரையை விட்டுப் போனார். ஜீன்ஸ் போகவில்லை.

என் கதை அதைவிட மோசம். சிறிமாவோ காலத்தில், 1970க்கும் 1977க்கும் இடையில், இறக்குமதியைக் கட்டுப்படுத்தித் துணிக்கே தட்டுப்பாடு. மிளகாயிலும் வெங்காயத்திலும் கையில் காசிருந்தது, சங்கக்கடையில் சீலை இல்லை. சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் நான் இருபத்துநாலு இஞ்சி பெல்பொட்டம் தைத்தேன். ஒரு காலுக்குள் தங்கச்சிக்கு ஒரு சட்டை தைக்கலாம். "ஒழுங்கை கூட்டவோ இது?" என்று அப்பா கேட்டார். நான் பதில் சொல்லாமல் கூட்டிக்கொண்டு போனேன்.

பிறகு எனக்கும் ஒரு கிழிசல் ஜீன்ஸ் வாய்த்தது. 1990இல் தீவுக்கு ஆமி வந்தபோது இடம்பெயர்ந்து சுன்னாகத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இருந்தோம். பொருளாதாரத் தடையால் சவர்க்காரம் கண்ணில் காட்டவும் இல்லை. பனம்பழத்தைப் பிசைந்து அந்தக் களியில் உடுப்புத் தோய்த்தோம். நுரை வரும், ஊத்தையும் போகும், வாசம் மட்டும் போகாது. கொடியில் போட்டுவிட்டுக் கண்ணயர்ந்தால் மாடு வந்து பனம்பழமென்றே நினைத்துச் சப்பிவிடும். அண்ணன் வெளிநாடு போக முதல் எனக்குத் தந்த ஒரேயொரு டெனிமை அப்படித்தான் ஒரு நாம்பன் முழங்கால்வரை சப்பித் தீர்த்தது. அதோடு ஒரு கலியாண வீட்டுக்கும் போனேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவரவர் உடுப்பிலும் அவரவர் மாடு வேலை செய்திருந்தது.

இதைப் பெறாமகனுக்குச் சொல்லியிருக்கக் கூடாது.

"ஓகானிக், சித்தப்பா!" என்று துள்ளினான். அது பனம்பழக் காலம், இரவில் தொப்புத் தொப்பென்று விழுந்துகொண்டிருந்தது. விடிய நாலைப் பொறுக்கி வாளிக்குள் பிசைந்து ஜீன்ஸை ஊறப்போட்டான். களியை வீணாக்கக் கூடாதென்று அம்மா என் வேட்டியையும் அதே வாளிக்குள் அமுக்கினார். அடுத்தநாள் குறிகட்டுவானில் லோஞ்ச் ஏறி நயினாதீவு அம்மனிடம் போவதாக ஏற்பாடு. கோயிலுக்கென்று எடுத்து வைத்த வேட்டி அது.

இரண்டையும் வேலியில் விரித்தோம். மத்தியானம் பக்கத்து வீட்டுப் பசு வந்தது. பெடியன் போனைப் பிடித்துக்கொண்டு கிணற்றடியில் பதுங்கினான். பசு ஜீன்ஸை மேலிருந்து கீழாக மணந்தது. கிழிசலுக்குள் மூக்கை விட்டுப் பார்த்தது. ஒருதரம் நக்கியது. கன நேரம் யோசித்தது. பிறகு இரண்டடி தள்ளிப் போய் என் வேட்டியைச் சப்பத் தொடங்கியது.

நான் கத்திக்கொண்டு ஓடுவதற்குள் ஒரு முழம் போய்விட்டது. மிச்சத்தை எச்சிலோடு கொண்டுவந்து நீட்டினேன். அம்மா வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்து, விளிம்பை விரலால் தடவினார்.

"ஓம்," என்றார், கனநாளைக்குப் பிறகு திருப்தியாக. "இது மாடு சப்பினதுதான்."